அளவு எங்கிருந்து வருகிறது?

பெட்டி பெட்டியாகக் கொய்யா கைமாறும் ஆயக்குடியில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் பழனி. மலைக்கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம். வயிறு நிறைந்தவர் இலைக்கு மேல் கையை நீட்டி மறிக்கிறார். பரிமாறுபவர் அடுத்த இலைக்கு நகர்கிறார். அளவு அங்கே இரண்டு பேருக்கு நடுவில் முடிவாகிறது.

அங்கே சாப்பிட்ட ஒரு குடும்பம் பெருநகர ஹோட்டலில் மாலை நேர ‘ஹை டீ’ பஃபேக்குப் போனால், கையை நீட்டி மறிக்க எதிரில் ஆளில்லை. தலைக்கு இவ்வளவு என்று பணமும் கட்டியாயிற்று. பஜ்ஜிக்கு மேல் கேக், கேக்கின் க்ரீமில் புதினாச் சட்னி. கடைசியில் பாதி கடித்த கட்லெட் டிஷ்யூ பேப்பருக்கு அடியில் ஒளிகிறது. மூடுகிற அந்தக் கைக்குத் தெரிகிறது, இது தப்பு என்று.

இத்தனைக்கும், 1840 வாக்கில் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா இரவு விருந்துவரை பசி தாங்காமல் தேநீரோடு கொஞ்சம் கொறித்ததில் தொடங்கியது இந்த மாலைத் தேநீர் வழக்கம் என்கிறார்கள்.

குறையே இல்லாத இடத்தில் மனிதனுக்கு அளவு எங்கிருந்து வரும்? மணிமேகலைக் காப்பியம் இதை நேராகவே எதிர்கொள்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி ஆபுத்திரன் கையில் இருக்கிறது. மணிபல்லவத் தீவில் தனியாக மாட்டிக்கொள்கிறான், ஊட்ட ஒருவருமில்லை. பலர் பசி தீர்க்கும் பாத்திரத்தில் தான் மட்டும் உண்ண மனமில்லாமல் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறக்கிறான். எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ நோயால் வாடிய காயசண்டிகைக்கோ, பிறகு மணிமேகலை அதே பாத்திரத்திலிருந்து இட்ட உணவில் பசி தீர்கிறது. ஆபுத்திரனுக்கு அளவைச் சொன்னது வயிறு அல்ல, பக்கத்தில் இல்லாத இன்னொருவர்.

நார்வே ஹோட்டல்களில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், பஃபே தட்டைச் சிறிதாக்கியதும் வீணாகும் உணவு சுமார் 20 சதவீதம் குறைந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அங்கே அளவைத் தீர்மானித்தது தட்டு, சாப்பிட்டவர் அல்ல.

சுவாமி சிவானந்தரின் சீடர் சாந்தானந்த சரஸ்வதியின் வழியில் உருவான அன்னலட்சுமி உணவகங்கள் இன்னும் ஆழமாகப் போயின. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருப்பது சைவ பஃபே. உழைப்பவர்களில் பலர் தொண்டர்கள். வேண்டியதைச் சாப்பிடலாம், மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம். விலை என்று ஒன்று இல்லாததால் ‘கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும்’ என்ற கணக்கே எழுவதில்லை. வயிறு புடைக்கத் தின்றுவிட்டுச் சில்லறையைப் போட்டுப் போகிறவர் இருக்க மாட்டாரா? இருப்பார். அவரைப் பிடிக்கக் கல்லாவில் காவல் வைத்தால், கையில் காசில்லாமல் வரும் மாணவனும் வாசலிலேயே தயங்கி நிற்பான். அவன் கூசாமல் உள்ளே வருவதற்காக அந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்பதைத்தான் தர்மம் என்று சொல்ல முடியும்.