காகிதமும் சாட்சியே

ஒரே லாரியை வைத்துத் தாமே ஓட்டிப் பிழைக்கும் சகோதரர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "வண்டிக்கு அனுமதித்த பாரம் 10 டன். 12 ஏற்றிவிட்டு, ரசீதில் 10 என்று எழுதச் சொல்கிறார் வியாபாரி. மறுத்தால் லோடு போய்விடும், தவணை நிற்கிறது. வெறும் காகிதம்தானே, ஹஜ்ரத்?"

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நீதியுடன் எழுதக் கட்டளையிடுகிறது. ஆக, எழுத்தும் சாட்சியே. பொய் எடை எழுதுவது பொய்ச் சாட்சியன்றி வேறென்ன?

பிடிபட்டால், 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் வேறு. பிடிபடாவிட்டால்? இறக்கத்தில் பிரேக் நிற்காமல் எதிரே வருபவர் மடிந்தால், அந்த ரசீது யாரைக் காப்பாற்றும்?

தவணையின் நெருக்கடி நாம் அறியாததல்ல. ஆயினும், தாமே முதலாளி, தாமே டிரைவர் என்றிருப்பவரிடம் கணக்குக் கேட்பவன் அல்லாஹ் ஒருவனே. ரிஜ்கு அளிப்பவனும் அவனே.