இறைச்சிக்கா, சவாரிக்கா?

விற்கப்போகிற வண்டியை என் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். "பெருசா செலவு வைக்காதீங்க பாய். பார்ட்டி வந்து பார்க்கிற அன்னிக்கு நல்லா இருந்தாப் போதும்." அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஒரு வண்டியை நல்ல வண்டியாக்கிக் காட்டுவது எங்கள் தொழிலில் கஷ்டமே இல்லை. ரிங் தேய்ந்து புகை தள்ளுகிற இன்ஜினில் கெட்டியான ஆயிலை ஊற்றினால் புகை சில நாள் அடங்கியிருக்கும். துருப்பிடித்த இடத்தில் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்துவிடலாம். மீட்டரைக் குறைத்துத் தர ஆள் இருக்கிறது. வெள்ளத்தில் முங்கின வண்டிக்குப் புது கார்ப்பெட் விரித்து, வயரிங் கனெக்டரில் பூத்த பச்சையைச் சுரண்டிவிட்டால், சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்க்கிறவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இந்த வேலைகள் என் பட்டறையில் நடப்பதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது இவற்றைப் பற்றியல்ல. இவை தப்பு என்று செய்கிறவனுக்கே தெரியும். எதையும் மறைக்காமல், பொய்யும் சொல்லாமல், சும்மா இருந்துவிடுகிறவனைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

கம்பத்தில் அத்தா ஆரம்பித்த பட்டறை என்னுடையது. எங்கள் ஊரில் பழைய வண்டி என்றால் முதலில் ஜீப்தான். விடியும் முன்பே தூக்குவாளியோடு பெண்கள் ரோட்டோரம் நிற்பார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடும். சாயங்காலம் அதே பாதையில் இறங்கும். ஏறுவது இன்ஜினுக்குச் சோதனை, இறங்குவது பிரேக்குக்குச் சோதனை. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. டாட் 3 என்று போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே மலை இறங்கினால் டிரம் காய்ந்து, அந்தச் சூடு வீல் சிலிண்டருக்குள் போய், ஆயில் கொதித்து ஆவியாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கிவிடும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. சின்னமனூருக்கும் தேனிக்கும் போய்வருகிற வண்டியில் பல வருஷம் தலைகாட்டாத குறை இது. மலையில் ஒரே இறக்கத்தில் தலைகாட்டும்.

ஒரு ஜீப் விற்பனைக்கு வந்தது. ஓட்டிப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. குழிக்குள் இறங்கிப் பார்த்தபோது, பின்பக்க ஸ்பிரிங் ஹேங்கருக்குப் பக்கத்தில் சேஸில் பழைய வெல்டு தெரிந்தது. எப்போதோ விரிசல் விட்ட இடத்தில், பிளேட் கூட வைக்காமல், மேலோடு வெல்டு வைத்திருக்கிறார்கள். அந்த வெல்டின் ஓரத்திலேயே மறுபடி மயிரிழை விரிசல். உரிமையாளர் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடித்துத் தரச் சொல்லியிருந்தார். வாங்க வருகிறவர் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் டிரைவர். நான் விரிசலைக் காட்டியதும் உரிமையாளர் பதறவில்லை. "அவரு கேட்டா சொல்லுங்க பாய். கேக்காம நாமளா எதுக்குச் சொல்லணும்?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்தார்கள். கேட்டால் பொய் சொல்லமாட்டேன், கேட்காவிட்டால் வாய் திறக்கமாட்டேன் என்பதுதான் நம்மில் பெரும்பாலோருடைய நேர்மை. இந்த நேர்மை போதுமா?

நாட்டுச் சட்டத்தைக் கேட்டால் பெரும்பாலும் போதும் என்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், சில விலக்குகள் போக, பொருளின் தரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வாங்குகிறவன் மேலேயே வைக்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 17ஆம் பிரிவு மோசடி எது என்று விளக்கும்போது ஒரு குதிரையை உதாரணம் காட்டுகிறது. குதிரைக்குக் கோளாறு இருப்பது விற்கிறவனுக்குத் தெரியும், ஏலத்தில் விற்கிறான், ஒன்றும் சொல்லவில்லை. அது மோசடி ஆகாது. அடுத்த உதாரணத்தில் குதிரை அதேதான், வாங்குகிறவள் விற்கிறவனுடைய மகள், அப்போதுதான் வயது நிரம்பியவள். இங்கே கோளாறைச் சொல்வது அவன் கடமை என்கிறது சட்டம். இதை ஒரு வக்கீல் எனக்குப் படித்துக் காட்டிய நாளிலிருந்து இந்த இரண்டு உதாரணமும் மனசை விட்டுப் போகவில்லை. மகள் என்றால் சொல்லியாக வேண்டும், மற்றவர் என்றால் சும்மா இருக்கலாம். சட்டம் எழுதியவர்களுக்கும் தகப்பனுடைய மனசாட்சி இருந்திருக்கிறது. அதை வீட்டு வாசற்படியோடு நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் இஸ்லாமிய மார்க்கம் அப்படி நிறுத்தவில்லை. சஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் வருகிற சம்பவம் பலருக்கும் தெரிந்ததுதான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகும்போது உள்ளே கையைவிட, விரலில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவன் நம்மைச் சேர்ந்தவனல்ல என்ற கருத்தில் கடுமையாகச் சொன்னார்கள். பயான்களில் இதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு விஷயம் கவனிக்கப்படாமல் போகிறதென்று எனக்குத் தோன்றும். அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை. கேட்டவுடன் உண்மையைச் சொல்லிவிட்டார். அதாவது, கேட்டால் சொல்வேன் என்கிற நேர்மை அவரிடம் முழுசாக இருந்தது. அந்த நேர்மையைத்தான் நாயகம் போதாது என்று தள்ளினார்கள். கேட்கத் தெரியாதவனும் பார்த்துக்கொள்ளும்படி ஈரம் மேலே இருந்திருக்க வேண்டும்.

விற்கிறவனுடைய கடமை இதில் தெளிவாகிவிடுகிறது. நான் விற்கிறவனும் இல்லை, வாங்குகிறவனும் இல்லை. பிரேக் அட்ஜஸ்ட் பண்ணக் கூலி வாங்குகிறவன். எனக்கு என்ன கடமை? கஸ்ஸாலி இமாம் இஹ்யா என்ற தம் நூலில் எடுத்துச் சொல்லும் ஒரு சம்பவத்தை எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் எனக்குச் சொன்னார். நபித்தோழர் வாஸிலா இப்னு அஸ்கஃ (ரலி) நின்றுகொண்டிருந்த இடத்தில் ஒருவர் தன் ஒட்டகத்தை 300 திர்ஹமுக்கு விற்றார். வாஸிலாவின் கவனம் வேறெங்கோ இருந்த நேரத்தில் வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வாஸிலா பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: இதை இறைச்சிக்கு வாங்கினாயா, சவாரிக்கு வாங்கினாயா? சவாரிக்கு என்று பதில் வந்தது. அப்படியானால் இதன் பாதத்தில் ஒரு ஓட்டை பார்த்தேன், தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிட்டார். ஒட்டகம் திரும்பி வந்தது, விலையில் 100 திர்ஹம் குறைந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் குறைபட்டுக்கொண்டார். குறையைச் சொல்லாமல் விற்பது யாருக்கும் ஆகாது, அது தெரிந்தவன் சொல்லாமல் இருப்பதும் ஆகாது என்று நாயகம் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றார் வாஸிலா.

தெரிந்தவன் என்பதில் நான் வந்துவிட்டேன். ஊரிலுள்ள எல்லா மெக்கானிக்கும் வந்துவிட்டார்கள். ஒருவர் வண்டியின் குறையை அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவரிடம் சொல்வது புறம் பேசுவதாகாதா என்ற பயம் எனக்கு நெடுநாள் இருந்தது. புறம் பேசுவது அனுமதிக்கப்படும் இடங்கள் ஆறு என்று நவவி இமாம் எண்ணிக் காட்டுகிறார். பிறருக்கு வரவிருக்கும் கேட்டை எச்சரிப்பது அவற்றில் ஒன்று. குறையுள்ள பொருளை ஒருவன் தெரியாமல் வாங்குவதைப் பார்த்தால் சொல்லிவிட வேண்டும் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பயம் போய்விட்டது.

ஆனால் பழைய வண்டி என்பது முழுக்கவே குறைதானே. பதினைந்து வருஷம் முடிந்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி.யை நீட்டித்த ஒரு காரில் கதவு ரப்பரிலிருந்து சைலன்சர் வரைக்கும் பட்டியல் போட்டால் யார் வாங்குவார்? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஹனஃபி சட்ட நூல்கள் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கின்றன. வியாபாரிகளின் வழக்கத்தில் விலையைக் குறைக்கக்கூடியது எதுவோ அதுவே குறை. பழைய வண்டியின் வயசுக்குத் தகுந்த தேய்மானம் விலையிலேயே கணக்காகிவிட்டது, அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. சேஸ் விரிசல் அந்தக் கணக்கில் வராது.

இன்னொரு வழியும் மக்கள் கண்டுவைத்திருக்கிறார்கள். வண்டியை உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்திப்பட்டு வாங்கிக்கொண்டதாக டெலிவரி பேப்பரில் எழுதி, நேரத்தையும் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். இப்படி எல்லாக் குறைக்கும் பொறுப்பில்லை என்று நிபந்தனை வைத்து விற்பதை ஹனஃபி மத்ஹப் ஒப்புக்கொள்கிறது, ஷாஃபி மத்ஹப் மிகவும் சுருக்கிவிடுகிறது. நான் ஹனஃபிதான். ஆனாலும் இந்த இடத்தில் என் மனசு முவத்தா என்ற ஹதீஸ் நூலில் வருகிற ஒரு வழக்கின் பக்கம் சாய்கிறது. இப்னு உமர் (ரலி) அந்தக் காலத்து வழக்கப்படி ஓர் அடிமையை இதே நிபந்தனையோடு 800 திர்ஹமுக்கு விற்றார். வாங்கியவர், இவனுக்கு ஒரு நோய் இருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை என்று கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் போனார். அந்த நிபந்தனையை உஸ்மான் முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. விற்கும்போது அந்த நோய் எனக்குத் தெரியாது என்று இப்னு உமர் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். இப்னு உமர் சத்தியம் செய்ய மறுத்து அடிமையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நோய் குணமாகி, பிறகு 1500 திர்ஹமுக்கு விற்றார் என்று முடிகிறது. கடைசி லாபத்தைச் சொல்லித்தான் பலர் இதை ரசிப்பார்கள். எனக்கு முக்கியம் அந்தச் சத்தியம். பேப்பரில் என்ன எழுதியிருந்தாலும், உனக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

ஜீப்காரரிடம் இதையெல்லாம் நான் பிரசங்கம் பண்ணவில்லை. மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம், மறைத்து விற்றால் பரக்கத் இருக்காது என்று சொல்ல எனக்கு வாய் வராது. மறைப்பதால் இறைவன் தரும் வாழ்வாதாரம் கூடிவிடாது என்பதை உறுதியாக நம்புகிறவனுக்குத்தான் குறையைச் சொல்லி விற்க மனம் வரும் என்று கஸ்ஸாலி இமாமே எழுதியிருக்கிறார். அந்த நம்பிக்கையை இன்னொருவர் நெஞ்சுக்குள் நான் திணிக்க முடியாது. அவரிடம் நான் பேசியது பின்சீட்டைப் பற்றி. விலை பேசுவது இரண்டு பேர். அந்த விலையில் ஒருவர் ஏமாறினாலும் ஐயாயிரமோ பத்தாயிரமோ போகும், மனுஷன் சம்பாதித்துவிடுவான். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து மலையிறங்கும் பெண்களிடம் யாரும் விலை பேசவில்லை. அவர்கள் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடவில்லை. வாங்குகிறவனே ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று சொல்லலாம். எதையும் வாங்காதவர்களை யார் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வது? விலையைக் குறைப்பதே குறை என்ற சட்ட நூல்களின் அளவு இந்த இடத்தில் போதாது என்பது என் முடிவு. விலை ஒரு பைசா குறையாவிட்டாலும், உயிருக்கு ஆபத்தென்றால் அது சொல்லியே ஆக வேண்டிய குறை. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் வேறு மதத்தவர்கள். அதனால் கடமை ஒரு துளி குறையும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். எங்கள் ஹஜ்ரத்தும் ஒப்பமாட்டார்.

ஜீப்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்களே சொல்லிருங்க பாய், எனக்குச் சொல்ல வராது" என்றார். டிரைவரைக் குழிக்குள் இறக்கி விரிசலைக் காட்டினேன். அவர் வாங்கவில்லை. பிறகு திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், குறையைப் பார்த்து, விலை குறைத்து வாங்கினார். வெல்டைச் சுரண்டி எடுத்து, விரிசலின் முனையில் துளை போட்டு, உள்ளே பிளேட் வைத்து அடைத்துக் கொடுத்தேன். மலையேற்றக் கூடாது, ஆள் ஏற்றக் கூடாது, திராட்சைப் பெட்டி மட்டும் என்று பில்லிலேயே எழுதினேன். உரிமையாளர் எதிர்பார்த்த பணம் வரவில்லை. கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். அது எனக்கு வருத்தம்தான். அந்த வருத்தத்தோடும் நான் அதையேதான் செய்வேன்.

இதே நியாயத்தைப் பட்டறைக் கழிவிலும் பிடிக்கிறேன். லேத்தில் கடைந்து கடைந்து அளவு மீறிப்போன பிரேக் டிரம்மைக் கழற்றினால், சம்மட்டியால் அடித்து உடைத்துவிட்டுத்தான் வண்டிக்காரரிடம் கொடுப்பேன். முழுசாகப் போனால் அது பழைய சாமான் கடையில் இருந்து பெயின்ட் பூசிக்கொண்டு வேறு ஜீப்பில் ஏறிவிடும். புதிதாக வருகிறவர்கள் எதற்கு உடைக்கிறீர்கள் என்று கோபப்படுவதுண்டு. இரும்பு எடைக்குப் போட்டால் உடைந்ததற்கும் அதே விலைதான் என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடுகிறேன்.