கதையில் விடுபட்டவள்

காவல்துறையின் இனவெறியைப் பாடலில் எதிர்த்தவர்கள், கலிஃபோர்னியாவின் காம்ப்டனில் உருவான என்.டபிள்யூ.ஏ. ராப் குழுவினர். 1991இல் வந்த அவர்களது கடைசித் தொகுப்பில் பெண்கள் மீதான வசையும் வன்முறையும் மலிந்திருந்தன. ஆபாசமென்று பிரிட்டன் காவல்துறை பிரதிகளைக் கைப்பற்றியது, நீதிமன்றம் விடுவித்தது. சொல்லுக்கு விடுதலை. சரி, உடலுக்கு?

அதே ஆண்டு ஜனவரியில், குழுவின் டாக்டர் ட்ரே, டீ பார்ன்ஸ் என்ற கறுப்பினப் பெண் ஊடகவியலாளரை விருந்தொன்றில் அடித்தார். குழுவின் கதையாக 2015இல் வந்த திரைப்படத்தில் அந்த அடி இடம்பெறவில்லை.

ஒடுக்கப்பட்டவனின் கோபம் நியாயமானது. அந்த நியாயம், அவனிடம் அடிவாங்கியவளின் நியாயத்தைத் தள்ளுபடி செய்துவிடுமா? நான் தடை கேட்கவில்லை. அந்தப் பாடல்களைக் கேளுங்கள், கற்பியுங்கள். அவர்கள் வரலாற்றைச் சொல்லும்போது அவள் பெயரையும் சொல்லுங்கள். விடுதலை என்ற சொல்லுக்கு அப்போதுதான் முழுப்பொருள்.