கண்டிப்பும் கண்ணியமும்

தலைவன் தன்னைச் சார்ந்தோரைக் கண்டிக்கலாமா என்று கேட்டால், கண்டிக்கத்தான் வேண்டும் என்பதே நம்மில் பெரும்பாலோர் தரும் விடையாக இருக்கும். எவ்விடத்தில், எவர் முன்னிலையில் கண்டிப்பது என்னும் வினாவை நாம் அவ்வளவாக எழுப்புவதில்லை. அவ்வினாவின் அருமையை எனக்கு உணர்த்தியவர் வின்ஸ் லம்பார்டி என்னும் அமெரிக்கக் காற்பந்துப் பயிற்றுநர்.

அமெரிக்கக் காற்பந்து நம் நாட்டில் ஆடப்படும் காற்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், அணிக்குப் பதினொருவராக மோதி நிலம் பிடிக்கும் கடுமையான ஆட்டம் அது. அதில் பெரும்பெயர் பெறுவதற்கு முன் லம்பார்டி நம்மைப் போன்ற ஆசிரியரே. 1939 முதல் 1947 வரை நியூ ஜெர்சி மாநிலத்தின் எங்கிள்வுட் நகரில், கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி ஒன்றில் இலத்தீனும் வேதியியலும் இயற்பியலும் கற்பித்துக்கொண்டே மாணவர்க்கு ஆட்டமும் பயிற்றுவித்தார்.

1959இல் விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே நகரின் பேக்கர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்றுநரானார். அதற்கு முந்திய ஆண்டில் அவ்வணி 12 ஆட்டங்களுள் ஒன்றில்தான் வென்றிருந்தது. அவர் பொறுப்பேற்ற முதலாண்டிலேயே 7 ஆட்டங்களில் வென்றது; பின்னர் 1961, 1962, 1965, 1966, 1967 ஆகிய ஐந்தாண்டுகளில் வாகை சூடியது. இம்மாற்றத்துக்கு அவருடைய கண்டிப்பு ஒரு பெருங்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஒரே ஆட்டமுறையை அலுப்புத் தட்டும் வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார். பிழை கண்ட இடத்திலேயே உரத்த குரலில் கடிந்துகொள்வார். 1960இல் இறுதியாட்டத்தில் தோற்ற அணியை மறு ஆண்டு பயிற்சிக்கு அழைத்தபோது, தேர்ந்த வீரர்களின் முன் பந்தைத் தூக்கிக் காட்டி, இதுதான் பந்து என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார் என்பர்.

அக்கண்டிப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவருக்கு எடுத்துரைத்தவர் பார்ட் ஸ்டார் என்னும் வீரர். களத்தில் ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு அவருடையது. ஒருநாள் பயிற்சியில் அவர் எறிந்த பந்து தடுப்போர் கையில் சிக்கவே, லம்பார்டி எல்லார் முன்னிலையிலும் அவரைச் சாடினார். பயிற்சி முடிந்ததும் ஸ்டார் அவருடைய அறைக்குச் சென்றார். தவறு செய்தால் தம்மைக் கண்டிக்கலாம். ஆனால், தாம் வழிநடத்த வேண்டிய தோழர்களின் கண்முன் கண்டித்தால், பிறகு அவர்களைத் தாம் எவ்வாறு வழிநடத்த இயலும் என்று பணிவோடு எடுத்துரைத்தார். லம்பார்டி அதனை ஏற்றுக்கொண்டார். அதன்பின் அவரைப் பிறர் முன்னிலையில் கடிந்ததில்லை என்று பிற்காலத்தில் ஸ்டாரே கூறியிருக்கிறார்.

இந்நிகழ்ச்சியைப் படித்தபோது என் நெஞ்சு குறுகுறுத்தது. நான் தலைமையாசிரியரான புதிதில், வகுப்புக்குத் தாமதமாக வந்த இளம் ஆசிரியர் ஒருவரை, ஆறாம் ஆண்டு மாணவர்கள் பார்த்திருக்க, வாசலிலேயே நிறுத்திக் கடிந்தேன். என் சொற்களில் பொய்யில்லை. மறுநாள் முதல் அவர் ஒருநாளும் தாமதித்ததில்லை. ஆதலால் என் கண்டிப்பு பலித்தது என்றே மகிழ்ந்தேன். ஆனால், சில வாரங்களில் அவ்வகுப்பில் இரைச்சல் மிகுந்தது. அமைதியாக இருங்கள் என்று அவர் சொன்னால், மாணவர்கள் என் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நேரந்தவறாமையை அவருக்குக் கொடுத்த நான், அவருடைய மாணவர்களை அவரிடமிருந்து பறித்துக்கொண்டேன். ஸ்டாரைப்போல் அவர் என் அறைக்கு வந்து முறையிடவில்லை. முறையீட்டைக் கேட்கக்கூடிய தலைமையாசிரியராக நான் அன்று இருக்கவுமில்லை.

கண்டிப்பில்லாமல் ஒழுங்கு ஏது என்று சிலர் வினவலாம். லம்பார்டி கண்டிப்பைக் கைவிடவில்லை. அதற்குரிய இடத்தையே மாற்றிக்கொண்டார். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்வதைக் கண்டால் அக்கணமே தடுத்தாக வேண்டும். அங்கே இடம் பார்க்கலாகாது. ஏனைய பிழைகளைத் திருத்துவதற்கு நான்கு சுவர்கள் போதும். பிறர் பார்க்கச் சுட்டும்போது, திருத்தும் நோக்கத்தோடு நம் அதிகாரத்தைக் காட்டும் ஆசையும் கலந்துவிடுகிறது. கேட்பவர் முதலாவதை மறந்து இரண்டாவதையே நினைவில் வைத்துக்கொள்கிறார்.

1967 டிசம்பர் 31ஆம் நாள், சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் குளிரில், கிரீன் பே நகரில் டல்லஸ் அணியுடன் வாகையர் ஆட்டம் நடந்தது. பேக்கர்ஸ் 14–17 எனப் பின்தங்கியிருக்க, எஞ்சியவை 16 விநாடிகளே. பந்தை உதைத்து 3 புள்ளிகள் பெற்றுச் சமநிலை காண முயல்வது ஒரு வழி. பந்தைத் தாமே ஏந்திக் கோட்டைக் கடப்பதாக ஸ்டார் சொன்னார், லம்பார்டி இசைந்தார். ஸ்டார் கடந்தார்; அணி 21–17 என வென்றது. வீரரின் சொல்லைப் பயிற்றுநர் நம்பிய அந்த நம்பிக்கை அன்று பனியில் பிறந்ததன்று. பல ஆண்டுகளுக்கு முன், தனியறையில் அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தபோதே வித்திடப்பட்டது என்று எண்ணுகிறேன்.

ஆசிரியத் தோழர்களே, நாளை ஆசிரியராகவிருக்கும் மாணவர்களே! இப்போதெல்லாம் ஓர் ஆசிரியரைத் திருத்த வேண்டியிருந்தால், பள்ளி விட்டு மாணவர்கள் கலையும்வரை காத்திருக்கிறேன். அதற்குள் என் சினமும் கலைந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது சொல்ல வேண்டியது மட்டுமே.