கூடு மாறினால் பேர் மாறுமா?

கிடார் கச்சேரிக்குப் போனால் வாசிப்பவரின் கையை மட்டும் பார்க்காதீர்கள். காலையும் பாருங்கள். எதிரே தரையில் சோப்பு டப்பா மாதிரி ஒரு பெட்டி கிடக்கும். டக்கென்று மிதிப்பார். அதுவரை கொஞ்சிக்கொண்டிருந்த கிடார் உறும ஆரம்பித்துவிடும். அதற்குப் பெயர் எஃபெக்ட்ஸ் பெடல்.

1966-ல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் இதில் ரொம்பப் பிரபலம். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மிதித்தது. வட்டமான உலோகக் கூடு. உள்ளே 2 டிரான்சிஸ்டர், சில்லறை உதிரிகள். அவ்வளவுதான்.

மிதி வாங்கியே பிழைக்கிற பொருள் இல்லையா? கால் சுவிட்ச் தேயும், கூடு நசுங்கும். ரிப்பேர் தெரிந்தவர் சர்க்யூட்டை அலுங்காமல் எடுத்துப் புதுப் பெட்டியில் குடிவைப்பார். பழைய 6 கால் சுவிட்சைக் கழற்றி, 9 கால் சுவிட்ச் போட்டு, வயர்களைப் புதிதாகப் பற்றவைப்பார். கூடுதல் 3 கால், 'ஆன்' ஆனால் எரிகிற குட்டி விளக்குக்காக.

சத்தம் அதே சத்தம். இப்போது இது பழைய பெடலா, புதுசா?

"உள்ளே இருக்கறதுதானே சார் முக்கியம்" என்பீர்கள். சரி, நாளைக்கு அந்த டிரான்சிஸ்டரும் போய்விட்டால்?

பதில் தேடி லண்டன் போக வேண்டாம். திருச்செந்தூர் போதும். கடற்கரையிலேயே நிற்கிற கோயில். உப்புக் காற்று இரும்பை மட்டுமா தின்னும்? அங்கே மணற்கல்லையே தின்றது. சிதிலமடைந்த கோயிலை மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி என்று மூன்று துறவிகள், ஒருவர் விட்டதை அடுத்தவர் தொட்டு, திருப்பணி செய்து எழுப்பினார்கள். 1941-ல் குடமுழுக்கு. 2025 ஜூலை 7-ல் மறுபடியும் ஒன்று.

கல் மாறிப்போச்சே என்று எந்த பக்தராவது திரும்பிப் போனாரா? ம்ஹூம். மாற்றியதை அங்கே யாரும் மறைக்கவில்லை. கோயில் கதையோடு அந்த மூவர் கதையும் சேர்ந்தே சொல்லப்படுகிறது.

நம் வீட்டிலும் இதுதான். பாட்டியின் சங்கிலியை அழித்துப் பேத்திக்கு நெக்லஸ் பண்ணுகிறோம். அது 'பாட்டி நகை'தான். அழித்துப் பண்ணியது என்று எல்லோருக்கும் தெரியும்.

பெடலுக்குச் சோதனை, விற்கும்போது வருகிறது. அசல் கூட்டோடு இருந்தால் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தருவார்கள். "எல்லாமே ஒரிஜினல்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காதுக்கு வித்தியாசம் தெரியாது. யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் இருக்கிறது. வாங்குபவர் சத்தத்துக்கு மட்டும் காசு தரவில்லை, உங்கள் வார்த்தைக்கும் சேர்த்துத் தருகிறார். நாளை அதைத் திறக்கப்போகும் இன்னொரு ரிப்பேர்காரர், இல்லாத ஒரு வரலாற்றை நம்பி வயரைத் தொடுவார்.

பாகங்கள் மாறலாம், மாறித்தான் ஆகும். மாற்றியதைச் சொல்கிறவரை அது அதே பொருள்தான். மறைத்த நிமிஷத்தில் அது போலி.

ஆகவே தாராளமாகக் கூட்டை மாற்றுங்கள், சுவிட்சையும் மாற்றுங்கள். மூடியைத் திருகும் முன், என்னென்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே ஒட்டிவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும்.

குறையட்டுமே!