கடற்கரையும் கண்ணகியும்

கணவனும் மனைவியும் இருவர் மட்டுமாகச் சனிக்கிழமை புறப்பட்டுக் கடற்கரை சென்று, ஓரிரவு தங்கி, ஞாயிறு மாலை வீடு திரும்புதல் தகுமா? இக்கேள்வி இன்று நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பல வீடுகளில் எழுகின்றது. மலாக்கா மாநிலத்தில் கடல் எவருக்கும் தூரமன்று. ஜாசினிலிருந்தோ அலோர் காஜாவிலிருந்தோ காலையிற் கிளம்பினால், தஞ்சோங் பிடாராவுக்கோ பெங்காலான் பாலாக்கிற்கோ பகலுணவுக்கு முன்னரே போய்ச் சேரலாம். ஆகவே தடையாய் நிற்பது வழியன்று, வாய்ச்சொல்லே. “பிள்ளைகளை விட்டுவிட்டு என்ன உல்லாசம்?” என்பார் மாமியார். “அந்தப் பணத்துக்கு அரிசி வாங்கிப் போடலாமே” என்பார் பக்கத்து வீட்டு அக்காள். இவற்றைப் பழம்பேச்சென்று தள்ளிவிடுதல் எளிது. நாம் தள்ள விரும்பவில்லை. இரண்டிலும் ஆராயத்தக்க பொருள் உண்டு.

பணத்தைப் பற்றியதை முதலில் முடித்துவிடுவோம். கடன் வாங்கி உல்லாசம் போவது எவ்வகையாலும் தகாது. ஆனால் கலியாணப் பந்தலுக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் ஆயிரக்கணக்கில் வெள்ளியை வாரியிறைக்கும் நம்மவர், ஓரிரவு விடுதி வாடகையைக் கண்டதும் சிக்கனம் பேசத் தொடங்குவது வேடிக்கையே.

ஓய்வைப் பற்றிய கேள்வி அத்துணை எளிதன்று. நாம் தோட்டக் காரியாலயத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். செக்ரோலில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு எதிரேயும் வேலை நாள், ஓய்வு நாள், விடுப்பு நாள் எல்லாம் தவறாமல் ஏறுகின்றன. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு முழு நாளை ஓய்வுக்கென ஒதுக்கியுள்ளது. ஈராண்டுக்குக் குறைவாக ஊழியம் செய்தோர்க்கு ஆண்டில் 8 நாள், ஐந்தாண்டுக்குட்பட்டோர்க்கு 12 நாள், அதற்கு மேற்பட்டோர்க்கு 16 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வாரத்திற்கு 48 மணியாயிருந்த வேலை நேரமும் 2023 ஜனவரி 1 முதல் 45 மணியாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகள் சபை 1948 டிசம்பர் 10-ல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனமோ, ஓய்வும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் ஒவ்வொருவருக்கும் உரிமையென 24-ஆம் பிரிவிலே கூறுகின்றது.

இத்தனையும் எழுதி முடித்து ஏட்டை மூடியபின், மாலையில் அதே தொழிலாளியின் வீட்டை எட்டிப் பாருங்கள். அடுப்பு, துணி, பிள்ளையின் பாடம், கிழவரின் மருந்து ஆகிய இவற்றுக்குச் செக்ரோல் எங்கே? அங்கு உழைப்பவளுக்கு எட்டு நாளுமில்லை, பதினாறு நாளுமில்லை. அவளும் வெளியே வேலைக்குச் செல்பவளாயின், சட்டம் அளித்த ஞாயிற்றுக்கிழமையை வீடு பறித்துக்கொள்கின்றது.

குடும்பத்தோடு கூட்டமாய்ப் போனால் ஆகாதா என்று சிலர் கேட்பர். போர்ட் டிக்சனுக்கு வேன் பிடித்துப் போகும் நாளை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிளறியவள் யார்? கரையிலே பாய் விரித்துப் பரிமாறுபவள் யார்? ஆடவரும் சிறுவரும் அலையிலே நிற்க, பைகளையும் செருப்புகளையும் காவல் காத்திருப்பவள் யார்? அன்றைக்கு அடுப்படி கடலோரத்துக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவே.

நம் இலக்கியத்திலே இதற்குப் பழைய சாட்சியொன்று உண்டு. சிலப்பதிகாரத்தில், இந்திர விழா முடியுந் தறுவாயில் இருவர் புகார்க் கடற்கரைக்குச் செல்கின்றனர். புன்னை நிழலில், மணற்பரப்பில், திரை சூழ அமர்ந்து யாழ் மீட்டிப் பாடுகின்றனர். சென்றவன் கோவலன். உடன் சென்றவள் மாதவி. மணந்த மனைவியோ வீட்டில் இருக்கின்றாள். பின்னர் தேவந்தி என்னும் தோழி அவளிடம் வந்து, காவிரி கடலோடு கலக்குமிடத்தருகே சோமகுண்டம், சூரியகுண்டம் என இரு துறைகள் உள்ளன, அவற்றில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவரோடு இன்புற்றிருக்கலாம் என்கின்றாள். அது தனக்குப் பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகின்றாள். இதனைக் கற்பின் மேன்மையென்று போற்றுவோர் பலர். நமக்கோ வேறொன்று தோன்றுகின்றது. கணவனுக்கு விழாக்களமான அக்கடற்கரை, மனைவிக்கு வேண்டுதல் துறையாக மட்டுமே காட்டப்படுகின்றது. தனியே வா, வந்து கெஞ்சு என்னும் அழைப்பை அவள் மறுத்ததில் வியப்பென்ன? கணவனோடு அவள் சென்ற நெடும் பயணம் மதுரைப் பயணம் ஒன்றே. அதுவும் பொருளெல்லாம் போனபின், சிலம்பை விற்க!

உல்லாசம் வெளியே, பொறுமை வீட்டிலே என்னும் இவ்வேற்பாடு இன்னும் மறையவில்லை. ஆடவன் நண்பர்களோடு மீன் பிடிக்கச் சென்றால் பிள்ளைகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. மனைவியும் உடன் புறப்பட்டால்தான் அக்கேள்வி பிறக்கின்றது.

ஆயினும் மாமியார் சொல்லில் இன்னொரு பொருளும் உளது. அதை மறைத்தால் நாம் நியாயம் பேசியவர்களாகோம். இவ்விருவரும் கரையில் நடக்கும்போது பிள்ளைகளுக்குச் சோறாக்குபவள் அறுபது கடந்த அத்தாய்தான். விடுதியில் ஞாயிறு காலை படுக்கை விரிப்பை மாற்றுபவளும் எவருக்கோ தாய்தான். இங்கிலாந்தில் 1938-ல் சம்பளத்துடன் விடுமுறைச் சட்டம் வந்தது. பிளாக்பூல் போன்ற கடற்கரையூர்களில் தொழிலாளர் குடும்பங்கள் வந்து தங்கிய காலத்தில், அவர்களுக்குச் சமைத்துப் போட்ட விடுதிக்காரிகளுக்கு அதுவே ஆண்டின் கடுமையான வேலைக்காலம். ஒருத்தியின் ஓய்வு மற்றொருத்தியின் முதுகிலே ஏறுமாயின், அதனை அறமென்று எப்படிச் சொல்வது?

போகாதிருப்பது இதற்குத் தீர்வாகாது. முறை மாறவேண்டும். விடுதிப் பெண்ணின் ஞாயிற்றுக்கு ஈடாக வேறொரு நாளைச் சட்டம் கேட்கின்றது. அதை முதலாளி தரவேண்டும். வீட்டிலிருக்கும் தாய்க்கு எந்தச் சட்டமும் இல்லையாதலால், அக்கடன் மகனுடையது. மாசி மகத்திற்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கோ, தங்கை வீட்டுக்கோ அவர் விரும்பியபடி போய்வரட்டும். அந்நாட்களில் அடுப்பை மூட்டவேண்டியவன் மகன், மருமகளல்லள். “எனக்குச் சமைக்கத் தெரியாதே” என்பானாயின், தெரிந்துகொள்ளும்வரை தஞ்சோங் பிடாரா காத்திருக்கட்டும்.

போன இடத்திலும் ஒரு சொல். மலாக்காக் கடல் படங்களிற் காணும் நீலக் கடலன்று. கலங்கல் நீர்தான். நாள் முழுதும் கைப்பேசியிற் படம் பிடிப்பதற்கு அங்கு அதிகமில்லை என்பது ஒரு வகையில் நல்லதே. ஆண்டு முழுதும் மின்கட்டணமும் பள்ளிச் செலவுமே பேசிக் களைத்த இருவர், அங்கு வேறு பேச்சுக்கு வாய் திறக்கக்கூடும். வெளிப்படையாகவே பேசட்டும். கோவலனும் மாதவியும் பாட்டிலே குறிப்பு வைத்தனர். அக்குறிப்பைத் தவறாக உணர்ந்தே அவன் எழுந்து போனான்.

ஞாயிறு மாலை வீடு வந்ததும், மணல் படிந்த ஈரத்துணிப் பையை அவிழ்த்துத் துவைக்கப் போடுபவர் இருவரில் எவர் என்பதையும் அம்மாமியார் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.