ஐந்தாவது கால்

எங்கள் ஊர்ப் பள்ளிச் சுவரில் பிள்ளைகளோடு சேர்ந்து ஓவியம் வரைந்தோம். ஒருத்தி போட்ட எருமைக்கு ஐந்து கால். மறுநாள் விழாவாச்சே என்று, எல்லோரும் போனபிறகு ஒரு காலைப் பச்சை பூசி மறைத்தேன். விடிந்ததும் வந்து கேட்டாள்: “அது நடந்துக்கிட்டு இருந்துச்சுண்ணா. ஏன் நிப்பாட்டிட்டீங்க?”

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் நினைவுக்கு வந்தார். நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைபட்ட பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். படத்தில் அவரவர் பெயரை எழுதச் சொன்னார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். சுமார் 4,500 படங்கள் எஞ்சின. பெரும்பாலான பிள்ளைகள் எஞ்சவில்லை.

‘அனைவரும் சேர்ந்து வரைந்தது’ என்று சுவரில் எழுதியிருந்தோம். கடைசியாகத் தூரிகை என் கையில்தானே இருந்தது? அழகுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற பயம்.

தூரிகையை அவளிடம் கொடுத்தேன். எருமை மறுபடி நடந்தது.